வாடி றாத்தல்

பவிலுப்பிள்ளை சம்மாட்டியார் எங்கள் கொட்டிலுக்கு வந்தால் முதலில் வெற்றிலை எச்சிலைத் துப்புவார். வெளியே துப்பிவிட்டு வரமாட்டார். உள்ளே வந்துதான் துப்புவார். கழிவு எண்ணெய் பிடிக்க அப்பா வைத்திருந்த தகரத் தட்டில் அது விழுந்து கறுப்பின்மேல் சிவப்பாய் மிதக்கும். அந்த எண்ணெயை வடித்துத்தான் அப்பா சைக்கிள் சங்கிலிகளுக்குப் பூசுகிறார் என்று அவருக்குத் தெரியும். எத்தனையோ தரம் நின்று பார்த்திருக்கிறார்.

அவர் துப்பியதும் அப்பா சிரிப்பார். அதுதான் எனக்கு எச்சிலைவிட அருவருப்பு. மேல் பல் முழுவதும் தெரியும், கண் மட்டும் சிரிக்காது. வேறு யாருக்கும் அப்பா அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

தாழ்வுபாட்டில் மூன்று கரைவலை அவருடையது. மீன் வெட்டிக் காயப்போடுகிற வாடியும் அவருடையது. எங்கள் கொட்டில் நின்ற நிலமும் அவருடையதுதான். வெள்ளைக்கார ராசாவின் வெள்ளிவிழா வருசம் சித்திரை மாதத்தில் அவர் கொழும்பிலிருந்து ஒரு பழைய அமெரிக்கக் காரைக் கொண்டுவந்தார். சிவப்பு வர்ணம் அடித்து, பின் இருக்கையைக் கழற்றி எறிந்து, முன் விளக்குகளுக்கு நிக்கல் பூசியிருந்தார். வெள்ளிவிழாவுக்குக் கடற்கரையில் மோட்டார் ஓட்டப் பந்தயம் நடக்கப்போகிறது. எஞ்சினியர் துரை ஒருவரும் முருங்கன் நெல்லு மில் முதலாளியும் கார் விடுகிறார்கள்.

"அந்தோனி, இது துரையின்ர காரை முந்தவேணும்."

"முந்தும், சம்மாட்டியார்."

"முந்தாட்டி?"

அப்பா சிரித்தார்.

"முந்தாட்டி இந்தக் கொட்டிலைக் கழட்டிப்போட்டு என்ர வலைக்கு வா. கயிறு இழுக்க ஆள் காணாது. கப்பல் எஞ்சின் பாத்தனான் எண்டு சொல்லிக்கொண்டு ஆறு வருசமா சைக்கிளுக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டு இருக்கிறாய். வெக்கமில்லையே?"

என் அப்பா அந்தோனிமுத்து எட்டு வயதில் கரைவலைக் கயிறு பிடித்தவர். பதினெட்டில் அதை விட்டு ஓடி, பதினொரு வருசம் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை செய்து, இடதுகை மோதிர விரலை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். கயிற்றுத் தழும்பு இன்னும் அவர் தோளில் செருப்புத்தோல் மாதிரிக் கிடக்கிறது. திரும்பவும் அந்தக் கயிற்றுக்குப் போவதைவிடச் சாகலாம் என்று அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். இந்தக் கார் வென்றால் முருங்கன் லொறிகள் தேடி வரும். தோற்றால் கயிறு.

எஞ்சினின் நோய் என்னவென்று அப்பா ஒரே ஓட்டத்தில் சொல்லிவிட்டார். மெதுவாக ஓடினால் நல்ல பிள்ளை. வேகம் பிடித்தால் இருமியது.

"வால்வு ஒரு கதவு, பிள்ளை," என்றார் எனக்கு. "டப்பட் எண்ட இரும்புக் குத்தி கீழ இருந்து தள்ள, கதவு திறக்கும். ஸ்பிரிங் இழுத்துச் சாத்தும். ஸ்பிரிங் களைச்சுப் போனால், கதவு சாத்த முதல் அடுத்த ஆள் வந்து நிக்கிறான். எல்லாரும் வாசலிலை இடிபடுகினம். அதுதான் இருமல்."

காரோடு ஓர் இங்கிலீசுப் புத்தகம் வந்திருந்தது. அப்பாவுக்கு எஞ்சின் தெரியும், இங்கிலீசு எழுத்துத் தெரியாது. எனக்கு எழுத்துத் தெரியும். மன்னாரில் கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு வரை இருந்தேன். எழும்பி நின்று வாசி என்றால் எனக்குக் குரல் வராது. மூன்று தரம் அடித்துப் பார்த்தார்கள். நாலாம் தரத்துக்கு நான் போகவில்லை. "வாயில்லாததுக்கு ஏன் பள்ளிக்கூடம்?" என்றார் அம்மா. ஆனால் கொட்டிலுக்குள், அப்பாவுக்கு மட்டும், குரல் தங்குதடையில்லாமல் வந்தது.

புத்தகத்தில் பந்தய ஓட்டத்துக்கென்று ஒரு பக்கம் இருந்தது. ஸ்பிரிங்கை ஒன்றரை அங்குல உயரத்துக்கு அமுக்கினால் அது அறுபது றாத்தல் பாரத்தோடு எதிர்த்துத் தள்ளவேண்டும். குறைந்தால் கதவு சாத்தாது. கூடினால் டப்பட்டின் முகமும், அதைத் தூக்கிவிடுகிற தண்டின் மேடும் ஒன்றை ஒன்று தின்றுவிடும். 'கூட்டவேண்டாம்' என்று சாய்ந்த எழுத்தில் அச்சடித்திருந்தது. எனக்கு அந்தப் பக்கம் பிடித்தது. எங்கள் கரையில் எந்த மனிதரும் இவ்வளவு நேராக ஒரு விசயத்தைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்த கிழமை சனூன் காக்கா ஒரு பிஸ்கட் தகரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். முருங்கனில் லொறி வைத்து ஓட்டுகிறவர். உடைந்த லொறிகளின் உள்ளுடம்பெல்லாம் அவர் வீட்டில் இருக்கும். தகரத்துக்குள் இருபத்துநாலு ஸ்பிரிங்கும் பதினாறு டப்பட்டும் எண்ணெய்க்குள் கிடந்தன.

"தம்பி, இதெல்லாம் மையத்தாகிக் கிடந்த லொறியில கழட்டினது. ஆனா உறுப்பு நல்லா இரிக்கு," என்றார். பிறகு சம்மாட்டியாரின் காரைச் சுற்றி நடந்து பார்த்தார். "என்ன இது, மாப்பிள்ளைக்குப் பூசின மாதிரிப் பூசி வச்சிரிக்கிறாரு! உள்ளுக்கு நெஞ்சு வலி, வெளியில அத்தர்."

"மெல்லக் கதையுங்கோ, காக்கா."

"ஏன், காருக்குக் காது கேக்குமா?"

டப்பட் தெரிந்தெடுப்பது என் வேலையானது. அதன் அடிமுகம் பார்வைக்குத் தட்டையாகத் தெரியும். தட்டையாக இருக்கக்கூடாது. நடுவில் மயிரளவு புடைத்திருக்கவேண்டும், அப்போதுதான் ஓடும்போது தன்னைத்தானே சுற்றும், ஒரே இடத்தில் தேயாது. ஒரு டப்பட்டின் முகத்தை இன்னொன்றின் நேரான விலாவில் பொருத்தி வாசல் வெளிச்சத்துக்குப் பிடித்தேன். நடுவில் வெளிச்சம் கசிந்தால் அது குழிந்தது, எறி. இரண்டு ஓரத்திலும் வெளிச்சம் தெரிந்து நடுவில் தொட்டால் நல்லது. பதினாறையும் மூன்று தரம் பார்த்து எட்டைத் தெரிந்தெடுத்தேன். எட்டும் கண்ணாடிபோல இருந்தன. என் மூக்குக்கூடத் தெரிந்தது.

"உங்கட புள்ள கண்ணால அளக்குது, தம்பி," என்றார் காக்கா. நான் காருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

ஸ்பிரிங்குக்குக் கண் போதாது. தராசு வேண்டும். அதைக் கேள்விப்பட்ட சம்மாட்டியார் தன் வாடித் தராசையே மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்பினார். நிலத்தில் வைக்கிற பெரிய இரும்புத் தராசு. தட்டில் பாரம் ஏற்றி, மேலே இருக்கிற சட்டத்தில் குண்டை நகர்த்தி, எந்தக் கோட்டில் சமன் ஆகிறதோ அதை வாசிப்பது. அரசாங்க முத்திரை குத்தியிருந்தது. எவ்வளவு கழுவியும் அதில் சுறா நாற்றம் போகவில்லை. தட்டின் இடுக்குகளில் செதிலும் காய்ந்த இரத்தமும் அடைந்து, ஈ அதை விட்டு நகரவில்லை.

அம்மா வாடியில் மீன் வெட்டுகிறவர். பெயர் திரேசம்மா. மத்தியானம் வீட்டுக்கு வந்தவர் தராசைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"இதிலையோ நிறுக்கப்போறியள்? அப்ப ஸ்பிரிங்கும் வாடி றாத்தலிலைதான் வரும்."

வாடி றாத்தல் என்பது எங்கள் ஊர்ச் சொல். கடையில் ஒரு றாத்தலுக்குப் பதினாறு அவுன்ஸ். சம்மாட்டியாரின் வாடியில் இருபது அவுன்ஸ் போட்டால்தான் அந்தத் தராசு ஒரு றாத்தல் என்று ஒப்புக்கொள்ளும். முத்திரை குத்திய பிறகு குண்டுக்கு அடியில் ஈயம் உருக்கி ஊற்றியிருக்கிறது என்று கரையில் எல்லாருக்கும் தெரியும். 'இண்டைக்கு எவ்வளவு?' என்றால் 'வாடி றாத்தலிலை பத்து' என்பார்கள், ஏதோ வாடைக்காற்று சோழகக்காற்று மாதிரி, மாற்றமுடியாத ஒன்றைப் பற்றிப் பேசுவதுபோல. சம்மாட்டியார் காதுபட மட்டும் அந்தச் சொல்லை எவரும் சொன்னதில்லை. சொன்னால் அவரைக் கள்ளன் என்று முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும்.

எனக்குப் பள்ளிக்கூடத்துக் கணக்கு ஒன்று ஞாபகம் வந்தது. ஒரு கலன் தண்ணீர் பத்து றாத்தல். இரண்டு கலன் பெற்றோல் தகரம் மூன்று கொட்டிலில் இருந்தன. வெறும் தகரங்களைத் தராசில் வைத்துக் கோடு பார்த்தேன். பிறகு கிணற்றுத் தண்ணீர் நிரப்பி வைத்துப் பார்த்தேன். தகரத்தின் பாரத்தைக் கழித்தால் அறுபது வரவேண்டும். நாற்பத்தெட்டு வந்தது.

அப்பா பார்த்துக்கொண்டே நின்றார்.

"தெரியும், பிள்ளை," என்றார்.

"அப்ப இதிலை நாப்பத்தெட்டுக் காட்டுற ஸ்பிரிங்கைத்தான் போடவேணும். அறுபது காட்டுறது எழுவத்தஞ்சு."

"தெரியும் எண்டு சொல்லுறனே."

ஒவ்வொரு ஸ்பிரிங்காகத் தட்டில் நிறுத்தி, கதவு நிலையில் பொருத்திய திருகாணியால் மேலே இருந்து ஒன்றரை அங்குலத்துக்கு அமுக்கி, நிறுத்துப் பார்த்தோம். ஒன்பது ஸ்பிரிங் நாற்பத்தெட்டை ஒட்டி வந்தன. பத்து, அறுபதை ஒட்டி. மிச்சம் செத்தவை.

அப்பா நாற்பத்தெட்டு ஸ்பிரிங்குகளைத் துணியில் சுற்றி வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

"நாளைக்குச் சம்மாட்டியார் வருவார். தான் இருந்து பாத்துத்தான் தெரிஞ்செடுக்கவேணும் எண்டவர். புத்தகத்திலை என்ன கிடக்கு எண்டு கேப்பார். நீ நாப்பத்தெட்டு எண்டு வாசி."

"அறுபது எண்டெல்லே கிடக்கு?"

"அவருக்கு இங்கிலீசு தெரியாது."

"தராசு பிழை எண்டு சொல்லலாமே, அப்பா."

அப்பா சிரித்தார். கொட்டிலில் சம்மாட்டியார் இல்லை, நான் மட்டும்தான் நின்றேன். எனக்கே அந்தப் பல்லைக் காட்டினார்.

மறுநாள் சம்மாட்டியார் வந்தார், துப்பினார், அப்பா துடைத்துப் போட்ட கதிரையில் இருந்தார். மீன் எண்ணெய்க் கையால் ஸ்பிரிங் ஒன்றை எடுத்து, சந்தையில் மாம்பழம் அமுக்குவதுபோல அமுக்கிப் பார்த்தார். அந்தக் கையை என் பாவாடையின் ஓரத்தில் துடைத்தார். தன் வேட்டி வெள்ளை என்பதால்.

"ஊமைக்குட்டி வாசிக்குமாமே? எங்கை, வாசி பாப்பம். எத்தினை றாத்தல் வேணுமாம்?"

பயத்தில் வாய் தவறிவிட்டது என்று சொன்னால் எல்லாரும் நம்புவார்கள். ஆனால் அது பொய். எனக்குப் பயமே வரவில்லை. பாவாடையில் அந்த எண்ணெய் ஊறி முழங்காலில் ஒட்டியது. அப்பாவின் பல் தெரிந்தது. புத்தகம் என் கையில் திறந்திருந்தது. கொட்டிலுக்குள் சுத்தமாக இருந்த ஒரே பொருள் அந்தப் பக்கத்தில் அச்சடித்த எண்தான். கள்ளத் தராசுக்குப் பொருந்தும்படி என் வாயையும் கள்ள வாயாக்க வேண்டுமா? நான் சரியானதை வாசித்தால் அப்பாவுக்கு வேறு வழி இருக்காது, 'உங்கள் தராசில் அது நாற்பத்தெட்டு' என்று சொல்லியே ஆகவேண்டும் என்று நினைத்தேன்.

"அறுபது," என்றேன். தெளிவாக, சத்தமாக வந்தது. முதன்முதலில் அந்நியர் ஒருவர் முன்னால்.

"அட, ஊமை பேசுது!" சம்மாட்டியார் தொடையில் தட்டிச் சிரித்தார். "அறுபது. கேட்டியே, அந்தோனி? நிறு."

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. சட்டத்தின் குண்டை அறுபதுக்கு நகர்த்தினார்.

எட்டு ஸ்பிரிங் தெரிந்தாயிற்று. ஒவ்வொன்றிலும் சம்மாட்டியார் காருக்கு அடித்த சிவப்பு வர்ணத்தால் தன் கையாலேயே பொட்டு வைத்தார், மாற்றிவிடாமலிருக்க. ஊரையே கள்ளராகப் பார்க்கிறவருக்கு வேறு என்ன நினைப்பு வரும்? எட்டும் எஞ்சினுக்குள் போகும்வரை கதிரையை விட்டு எழும்பவில்லை. அன்று பின்னேரமே காரைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.

அவர் போன பிறகு அப்பா தராசுக்குப் பக்கத்தில் குந்தி இருந்தார்.

"நாப்பத்தெட்டு எண்டு சொல்லுறதிலை உனக்கென்ன குறைஞ்சு போகும்?"

"நீங்கள் சொல்லியிருக்கலாம்," என்றேன். அதற்குப் பிறகு பந்தயம் வரை நாங்கள் கதைக்கவில்லை.

சம்மாட்டியாரின் மருமகன்தான் ஓட்டினான். பத்து நாள் தினமும் கடற்கரையில் பழகினான். முதல் நாலு நாள் இருமலே இல்லை, கார் பறந்தது. சம்மாட்டியார் அப்பாவுக்கு ஒரு போத்தல் கள் அனுப்பினார். ஐந்தாம் நாளிலிருந்து வீட்டுக்குள் இருந்தபடியே எனக்கு ஒரு சத்தம் கேட்டது. டிக், டிக், டிக். யாரோ தகரத்தில் நகத்தால் தட்டுவதுபோல. அப்பாவுக்கும் கேட்டது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார், பிறகு குடித்தார். ஆறாம் நாள் மட்டும் எஞ்சினைத் திறந்து பார்க்கக் கேட்டுச் சம்மாட்டியார் வீட்டுப் படலைவரை போய்வந்தார். "பூட்டின எஞ்சினை ஏன் திறக்கவேணும்?" என்று சம்மாட்டியார் கேட்டாராம்.

வெள்ளிவிழா அன்று சோழகம் இன்னும் கிளம்பவில்லை. கடல் வற்றி, ஈரமணல் சிமெந்துபோல இறுகிக் கிடந்தது. கழுதைகளை விரட்டிவிட்டு, தடி நட்டுக் கொடி கட்டியிருந்தார்கள். நாலு தரம் போய்வரவேண்டும். மூன்று தரம் சிவப்புக் கார்தான் முன்னால். ஊரே கத்தியது. நானும் என்னை அறியாமல் கையைத் தூக்கிவிட்டேன்.

நாலாம் தரம் திரும்பும்போது டிக் சத்தம் சம்மட்டியடிபோல ஆனது. கார் ஒரு பக்கம் இழுத்து, புகை கக்கி, கொடிக்கு இருநூறு முழம் முன்னால் நின்றுவிட்டது. துரையின் கார் தாண்டிப்போனது. மில் முதலாளியின் காரும் தாண்டிப்போனது.

அங்கேயே, சனத்துக்கு நடுவில், அப்பா மூடியைக் கழற்றினார். டப்பட்டுக்கும் வால்வுக்கும் நடுவில் நிற்கிற தள்ளுகம்பி ஒன்று இறால்போல வளைந்து வெளியே நின்றது. டப்பட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். நான் வெளிச்சத்துக்குப் பிடித்துத் தெரிந்தெடுத்த எட்டும். மூக்குத் தெரிந்த முகங்களில் இப்போது எலி கரம்பிய தேங்காய்ச் சொட்டு மாதிரிப் பள்ளம் பள்ளமாய் இருந்தது. இரும்புத்தூள் எண்ணெயோடு கலந்து சாம்பல் நிறச் சீழாக அப்பாவின் விரலிடுக்கில் வழிந்தது.

சனூன் காக்கா குனிந்து, சிவப்புப் பொட்டு வைத்த ஸ்பிரிங் ஒன்றைப் பெருவிரலால் அமுக்கினார். "இதுவா அறுபது? எழுவதுக்கும் மேலயில்லா இரிக்கு? எந்தத் தராசில..." என்று தொடங்கியவர் சம்மாட்டியாரின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

"என்ர தராசிலை," என்றார் சம்மாட்டியார். "அரசாங்க முத்திரை குத்தின தராசு. ஆருக்கும் ஏதும் சொல்லக் கிடக்கோ?"

இருநூறு பேர் நின்றார்கள். ஒவ்வொருவரும் அந்தத் தராசில் வாழ்நாள் முழுக்க ஐந்தில் ஒரு பங்கை இழந்தவர்கள். ஒருவர் மணலைப் பார்த்தார். ஒருவர் கடலைப் பார்த்தார். அம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றார். கோயில் மணி அடிக்கிற சங்கிலித்தாம், என் ஞானத்தகப்பன், காதைக் குடைந்தார்.

"தராசு சரி. அப்ப புத்தகத்தைப் பிழையா வாசிச்சது ஆர்?" என்று கேட்டார் சம்மாட்டியார்.

அப்பா கையைத் துணியில் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

"பிள்ளை வாசிச்சதிலைதான் பிழை போலை, சம்மாட்டியார்," என்றார். "நாப்பத்தெட்டை அறுபது எண்டு வாசிச்சிட்டுது. பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளைதானே."

சனம் சிரித்தது. எல்லாருக்கும் மூச்சு வந்தது. "ஊமை வாயைத் திறந்தால் இப்பிடித்தான்," என்றது ஒரு குரல். அப்பாவும் அவர்களோடு பல்லைக் காட்டினார். அந்தச் சிரிப்பு அவரைக் காப்பாற்றவில்லை. பள்ளம் விழுந்த டப்பட் ஒன்றை எடுத்து மூடிக்கொண்ட என் கை வீடு வரும்வரை விரியவில்லை.

அந்த மாதக் கடைசியில் கொட்டிலைக் கழற்றினார்கள். கூரைக் கிடுகும் தடியும் வாடிக்குப் போயின. புத்தகத்தை மருமகன் வாங்கிக்கொண்டு போனான். அப்பா வலைக்குப் போனார். முதல் கிழமையே தோளின் பழைய தழும்பு உடைந்து நீர் வடிந்தது. ஈ மொய்க்க மொய்க்க அதோடேயே இழுத்தார். எனக்கு அவரில் இரக்கம் வரவில்லை. அருவருப்புத்தான் வந்தது, இரக்கம் வரவில்லையே என்று என்மேலும் வந்தது. நாற்பத்தெட்டு என்று ஒரு சொல்லை என் வாயால் சொல்லியிருந்தால் அந்தத் தோள் காய்ந்தே இருந்திருக்கும். அது எனக்குத் தெரியும். வேறு எவருக்கும் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

இரண்டு கிழமை கழித்து அப்பாவின் பங்கு மீனை நிறுக்க அம்மாவோடு வாடிக்குப் போனேன். சாளை மீன். வெயிலில் வயிறு வெடித்து ஒழுகத் தொடங்கியிருந்தது. சம்மாட்டியாரே தராசடியில் நின்றார். அப்பா நனைந்த கயிற்றைத் தோளில் சுமந்தபடி தூணோடு நின்றார். பெண்கள் பெட்டியோடு வரிசையில் குந்தி இருந்தார்கள்.

அம்மா பெட்டியைத் தட்டில் வைத்தார். சம்மாட்டியார் குண்டை நகர்த்தினார்.

"இருவத்துநாலு."

"முப்பது," என்றேன்.

அவர் யார் பேசியது என்று தேடினார். "என்ன?"

"இருவத்துநாலு வாடி றாத்தல். புத்தக றாத்தலிலை முப்பது."

அம்மா என் தொடையில் கிள்ளினார். வரிசையில் ஒரு பெண்ணுக்கு மூக்கால் சிரிப்பு வந்து, உடனே அதை இருமலாக்கினாள். அந்தச் சொல் அந்தக் கூரைக்குக் கீழே அவர் காதில் விழுந்தது அதுதான் முதல் தரம். சம்மாட்டியாரின் கழுத்து சிவந்துகொண்டு போனது. என்னைவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

"அந்தோனி, உன்ர ஊமை என்னடா சொல்லுது? இப்பவும் பிழையாத்தானே வாசிக்குது?"

அப்பா தோளிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தார். தழும்பில் ஒட்டியிருந்த நூலை மெதுவாகப் பிய்த்தெடுத்தார்.

"இல்லை," என்றார். நிலத்தைப் பார்த்துத்தான் சொன்னார், பக்கத்தில் நின்றவருக்கு மட்டும் கேட்கும்படி. "அவ அண்டைக்கும் சரியாத்தான் வாசிச்சவ."

சம்மாட்டியார் துப்பினார். "இருவத்துநாலு," என்றார் மறுபடியும், பெட்டியைக் காலால் தள்ளினார். இருபத்துநாலுதான். அது மாறவில்லை. அம்மா மீனைக் கொட்டிவிட்டு வெறும் பெட்டியை எடுத்தார்.

எச்சில் எங்கே விழுந்தது என்று நான் பார்க்கவில்லை. அப்பாவின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது மூடியிருந்தது.